தூக்கிவிட்டு இழுக்கவும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முக்கால் மணி நேரம், குளியலறைச் சுவரில் இருந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நின்றேன். விரலைக் கொஞ்சம் தளர்த்தினாலும் தண்ணீர் எதிர்ச்சுவர் வரை பாய்ந்தது. கணவர் மொட்டைமாடியில் இருந்தார். "இப்ப நின்னுச்சா?" என்று மேலிருந்து குரல் வரும். "இல்லைங்க, இன்னும் வருது" என்பேன். மாடியில் தொட்டிக்குக் கீழே நாலு வால்வுகள் இருக்கின்றன. எது எந்தக் குழாய்க்குப் போகிறது என்று இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் இருவருமே கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் ஒரு சொட்டில் ஆரம்பித்தது. குளியலறைக் குழாய் நொடிக்கு ஒரு சொட்டாகச் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவுதான் போகிறது பார்க்கலாம் என்று ஒரு நாள் இரவு 10 மணிக்கு அடியில் வாளியை வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். காலை 6 மணிக்கு அதில் 7 லிட்டருக்கு மேல் இருந்தது. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 21 லிட்டர். ஒரு வாளியை நிரப்பி, வழியவும் விடுகிற தண்ணீர். அதைப் பார்த்தபிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. குழாயும் பழசாகிவிட்டதால் வாஷரை மட்டும் மாற்றுவதைவிடக் குழாயையே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மாடிக்குப் போய் ஒரு வால்வை மூடினேன். கீழே வந்து பழைய குழாயை ஸ்பேனரால் கழற்றினேன். மூடிய வால்வு வேறு குழாயுடையது. இங்கேதான் தவறு நடந்தது, விலாவாரியாகச் சொல்கிறேன். வால்வை மூடியதும் கழற்றப்போகிற குழாயை ஒருமுறை திறந்துபார்க்க வேண்டும். தண்ணீர் மெலிந்து மெலிந்து நின்றால்தான் அது சரியான வால்வு. அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை நான் செலவு செய்யவில்லை.

கட்டைவிரலோடு நின்ற அந்த நேரத்தில் ஒரு கணக்கு மனதில் ஓடியது. தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், கீழே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 1 கிலோ எடை அழுத்தும். எங்கள் தொட்டி குழாயிலிருந்து சுமார் 6 மீட்டர் மேலே இருக்கிறது. அரை அங்குலக் குழாயின் வாயோடு பெருக்கிப் பார்த்தால் என் விரலைத் தள்ளிக்கொண்டிருந்தது ஏறக்குறைய 1 கிலோ. அவ்வளவுதான். ஒரு விரலால் தாங்கக்கூடிய எடைதான், முக்கால் மணி நேரம் தாங்குவதுதான் கஷ்டம். அன்றைக்குப் பிறகு என் வீட்டுத் தண்ணீரின் பலம் எனக்குத் தெரியும். கண்ணாலும் காதாலும் தெரிந்துகொண்டதைவிட விரலால் தெரிந்துகொண்டது அழுத்தமாக நிற்கிறது.

சரியான வால்வு நாலாவது. பல வருடம் யாரும் தொடாத கேட் வால்வு. உள்ளே உப்புப் படிந்திருந்தால் அது முழுசாக மூடாது. கணவர் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் விட்டு, மறுபடி திருப்பி என்று பொறுமையாக அசைத்து அசைத்து மூடினார். விரலுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் இல்லாமலே போனது. "நின்னுடுச்சுங்க!" என்று நான் கத்தியது அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

புதுக் குழாயை மாட்டுவது இன்னொரு கதை. குழாயின் மரையில் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றிவிட்டுத்தான் சுவரில் திருக வேண்டும். முதல் தடவை எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டேன். திருகத் திருக டேப் பிரிந்து சுருண்டு வெளியே வந்துவிட்டது. மரையின் முனை நம்மைப் பார்த்தபடி இருக்க, கடிகார முள் ஓடும் பக்கமாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் திருகும்போது டேப் இறுகும். இரண்டாம் தடவை சரியாகத்தான் சுற்றினேன். ஆனால் இறுக்கி முடித்தபோது குழாயின் மூக்கு பக்கவாட்டில் நின்றது. நேராக்கலாமே என்று கால் சுற்றுப் பின்னால் திருப்பினேன். உடனே ஒழுக ஆரம்பித்தது. மரைக்குள் அமுங்கி உட்கார்ந்த டேப்பைப் பின்னால் திருப்பினால் அந்த அடைப்பு விட்டுப்போகும். முன்னால்தான் போக வேண்டும், முடியாவிட்டால் கழற்றிப் புதிதாகச் சுற்ற வேண்டும். மூன்றாம் தடவை கூடுதலாகச் சில சுற்றுகள் சுற்றி மாட்டினேன். மூக்கு நேராக நின்றது. சொட்டும் இல்லை. ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஒரு காகிதக் கைக்குட்டையை இணைப்பின் அடியில் பிடித்து ஐந்து நிமிடம் பார்த்தேன். காய்ந்தே இருந்தது.

டெஃப்லான் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1938 ஏப்ரலில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற இளம் வேதியியலாளர் ஒரு வாயு சிலிண்டரின் வால்வைத் திறந்தார். வாயு வரவில்லை. ஆனால் எடை போட்டால் சிலிண்டர் காலியில்லை என்று தெரிந்தது. தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த சிலிண்டரை எடுத்திருக்கலாம். அவரும் உதவியாளரும் அதை ரம்பத்தால் அறுத்தே பார்த்துவிட்டார்கள். உள்ளே வழவழப்பான வெள்ளைத் தூள் இருந்தது. அந்தத் தூள்தான் இன்று நம் குழாய் மரையில் உட்கார்ந்திருக்கிறது. திறந்து பார்க்காமல் இருக்க முடியாத மனம் ஒன்று இருக்கிறதே, அதன் மேல் எனக்கு எப்போதுமே மரியாதை உண்டு.

புத்தக ஷெல்ஃப் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ரசமட்டம் வைத்துப் பார்த்து, அளந்து, குறித்து, துளை போட்டு, நாலு ஸ்க்ரூவில் பலகையை நிறுத்தினேன். அன்றைக்கு நள்ளிரவு 2 மணிக்குத் தடால் என்று ஒரு சத்தம். அடுத்த அறையிலிருந்து மகள், "அம்மா, ஷெல்ஃப் படுத்துக்கிச்சு!" என்றாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தரையெல்லாம் புத்தகம், சுவரில் நாலு பள்ளம். துளைக்குள் செருகும் ரால் பிளக் செங்கல்லைப் பிடிக்கவே இல்லை, வெறும் பூச்சில்தான் நின்றிருக்கிறது. அந்த நைலான் பிளக்கை 1958இல் உருவாக்கியவர் ஜெர்மனியின் ஆர்ட்டூர் ஃபிஷர், பூட்டுக் கொல்லர் வேலை பழகியவர். ஸ்க்ரூ உள்ளே போகப் போக பிளக் விரிந்து பக்கச் சுவர்களை நெருக்கும். நெருக்குவதற்குப் பக்கத்தில் கெட்டியான பொருள் வேண்டும். இப்போது துளை போடும்போது கீழே ஒரு வெள்ளைத்தாளை மடித்து ஒட்டி, விழும் தூளைப் பார்க்கிறேன். எங்கள் சுவரில் முதலில் சாம்பல் நிறத்தில் வரும், அது பூச்சு. அப்புறம் சிவப்பாக மாறும், அது செங்கல். சிவப்பு வர ஆரம்பித்த பிறகு பிளக்கின் நீளத்துக்கு உள்ளே போனால் ஷெல்ஃப் நிற்கும். இன்னொன்று, சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே கூடாது. ஒயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். இதில் மட்டும் யாரும் அனுபவத்தால் கற்றுக்கொள்ள வேண்டாம்.

சில மாதம் கழித்து வேறு வேலைக்கு வந்த பிளம்பர் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு, "இதை யாரும்மா மாட்டினது?" என்று கேட்டார்.

"நான்தாண்ணே."

பிடித்து அசைத்துப் பார்த்தார். இணைப்பை விரலால் தடவினார். "டேப் கொஞ்சம் அதிகம். ஆனா ஒழுகலையே" என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போனார். அந்த ஒரு வரியை நான் அன்று அலுவலகத்தில் குறைந்தது நாலு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

அலுவலகத்தில் என் இடம் ஒரு க்யூபிக்கிள். மூன்று பக்கம் துணி போர்த்திய தடுப்பு, நாலாவது பக்கம் நடைபாதை. உட்கார்ந்தால் யாரையும் தெரியாது, எழுந்தால் எல்லோரையும் தெரியும். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவரை முகம் பார்த்து அறிந்ததைவிடச் சத்தத்தால் அறிந்ததுதான் அதிகம். பேனா மூடியை டக் டக் என்று தட்டினால் யோசிக்கிறார். தட்டுவது நின்றால் விடை கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் குரல் தாழ்ந்து, "ம்ம்… சரிம்மா… சரி" என்று மட்டும் கேட்கும். அவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத வாரத்தில் பேனா மூடிச் சத்தமே கேட்கவில்லை. நானாக எழுந்து தடுப்புக்கு மேல் தலையை நீட்டி, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். நான் அவரிடம் சொல்லவே இல்லாத ஒன்றை அவரும் என் பக்கத்துச் சத்தத்திலிருந்து அறிந்து வைத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் கோபமாக இருந்தால் விசைப்பலகையில் எண்டர் கீ மட்டும் தனியாகக் கேட்குமாம்.

மாலை 7 மணிக்கு மேல் எங்கள் தளத்தில் தினமும் ஒரு காட்சி நடக்கும். ஆள் நடமாட்டம் குறைந்ததும் விளக்குகள் தாமாக அணைந்துவிடும். உடனே இருட்டில் அங்கங்கே தடுப்புகளுக்கு மேலே ஒவ்வொரு கையாக எழும்பி ஆடும். ஒரு கை, இரண்டு கை, கடைசி வரிசையில் இன்னொரு கை. விளக்கு வரும். கைகள் இறங்கும். யாரும் எதுவும் பேச மாட்டார்கள். கூரையில் இருக்கும் சென்சார் உடம்புச் சூட்டின் அசைவைப் பார்க்கிறது. அதற்கு நேர்ப்பார்வை வேண்டும், தடுப்புக்குள் உட்கார்ந்தவர் அதற்குத் தெரிய மாட்டார். தட்டச்சு செய்யும் விரல்களின் அசைவும் அதற்குப் போதாது. எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறோம் என்பதை நாங்கள் தெரிந்துகொண்டது அந்தக் கைகளை எண்ணித்தான்.

ஏசி விவகாரமும் அப்படித்தான். என் தலைக்கு நேர் மேலே ஏசி காற்று வரும் திறப்பு. பிற்பகலில் விரல் விறைத்துப்போகும். ஒரு நாள் அட்டை வெட்டி டேப் போட்டு அதை அடைத்தேன். சுகமாக இருந்தது. இரண்டு நாளில் பக்கத்து க்யூபிக்கிளில் ஓர் அட்டை. அப்புறம் அதற்கடுத்ததில். ஒரு குழாயில் ஒரு வாயை அடைத்தால் மிச்சமுள்ள வாய்களில் வேகம் கூடும் என்பதைக் குளியலறையில் தெரிந்துகொண்ட நான் இங்கே யோசிக்கவில்லை. வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த புதுப் பையன் ஸ்வெட்டரும் மப்ளருமாக வந்து நின்றான். "அக்கா, நீங்க எல்லாரும் அடைச்சதுல எனக்குப் புயலே அடிக்குது." எல்லோரும் எழுந்து போய் அவன் இடத்தில் நின்று பார்த்தோம். மேஜையில் இருந்த காகிதம் நிஜமாகவே பறந்துகொண்டிருந்தது. அன்றே எல்லா அட்டைகளையும் எடுத்தோம். பராமரிப்பு ஊழியர் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு திறப்பின் தகடுகளையும் கூரைப் பக்கமாகச் சாய்த்துவிட்டார். வேலை பத்தே நிமிடம். அப்படிச் சாய்க்க முடியும் என்று அதுவரை யாருமே அவரிடம் கேட்டதில்லை.

அப்புறம் நாற்காலி. உட்கார்ந்தால் மெல்ல மெல்ல இறங்கும், கூட்டம் முடிவதற்குள் மேஜை மார்பளவுக்கு வந்துவிடும். நாற்காலித் தண்டுக்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜன் இருக்கிறது. உள்ளே இருக்கும் அடைப்பு தேய்ந்தால் அது இருக்கையைத் தாங்காது. அந்த உருளையை மட்டும் யாரும் அறுக்கவோ துளைக்கவோ கூடாது, அழுத்தம் அபாயமானது. நான் செய்தது வேறு. வீட்டில் மீந்த பிவிசி குழாயில் ஒரு துண்டு வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, இருக்கையை மேலே உயர்த்திக்கொண்டு தண்டைச் சுற்றிக் கவ்வ விட்டேன். குழாய்த்துண்டு முட்டுக் கொடுத்ததும் நாற்காலி நின்ற இடத்தில் நின்றது. அடுத்த வாரம் என் க்யூபிக்கிள் வாசலில் மூன்று நாற்காலிகள் வரிசையில் நின்றன, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டோடு. மதிய இடைவேளையில் தரையில் உட்கார்ந்து குழாய் அறுத்த நாட்கள் அந்த அலுவலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாட்கள்.

க்யூபிக்கிளைத் திட்டாதவர்கள் குறைவு. ஆனால் அதை யோசித்தவர் யோசித்தது வேறு. அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர் என்ற அறைகலன் நிறுவனத்துக்காக ராபர்ட் ப்ரோப்ஸ்ட் 1964இல் 'ஆக்‌ஷன் ஆஃபீஸ்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தார். அது சரியாக விற்கவில்லை. 1968இல் வந்த இரண்டாவது வடிவம் உலகம் முழுவதும் பரவியது. தடுப்புகளை 120 பாகைக் கோணத்தில் விரித்து வைக்கலாம், வேலை மாறினால் நகர்த்தலாம், படம் குத்தலாம், உயரம் மாற்றலாம். உட்கார்ந்திருப்பவர் தன் இடத்தைத் தானே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். வாங்கிய நிறுவனங்கள் அதே தடுப்புகளை 90 பாகையில் மூடி, நெருக்கி நெருக்கிப் பெட்டிகளாக அடுக்கின. தன் யோசனை இப்படி ஆனதை அவர் கடைசிக் காலத்தில் கடுமையாகவே கண்டித்தார். 2000இல் காலமானார். அவரை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. எங்கள் அட்டையும் பிவிசி துண்டும் அவருக்குப் பிடித்திருக்கும்.

ஒரு நாள் சுற்றறிக்கை வந்தது. மேஜைகளில் சொந்தப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது, தடுப்புகளில் எதையும் குத்தக் கூடாது. எனக்கு வந்த கோபத்தின் காரணத்தை 2010இல் வெளியான ஓர் ஆய்வில் பார்த்தேன். எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் இருவரும் செய்தது. சிலருக்கு வெறும் மேஜை. சிலருக்குச் செடியும் படமும் வைத்த மேஜை. சிலரிடம் அதே செடியையும் படத்தையும் கொடுத்து, உங்கள் விருப்பப்படி அடுக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வேலையை நன்றாகச் செய்தவர்கள் இவர்கள்தான். கடைசிக் குழுவையும் அடுக்கச் சொன்னார்கள், ஆனால் அவர்கள் அடுக்கியதை அவர்கள் கண்முன்னேயே மாற்றி வைத்தார்கள். கிடைத்திருக்க வேண்டிய நன்மை அதோடு போயிற்று. ஷெல்ஃப் விழுந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, மறுநாளே மாட்ட முடிந்தது. தடுப்பிலிருந்து மகள் வரைந்த படத்தை எடுக்கச் சொன்னபோது வந்தது.

அடுத்த வருடம் க்யூபிக்கிள்களையே எடுத்துவிட்டு நீள மேஜைகள் போட முடிவாயிற்று. எல்லோரும் எல்லோரோடும் பேசுவோம் என்றார்கள். ஈதன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீஃபன் டர்பன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தடுப்பில்லாத திறந்த அலுவலகத்துக்கு மாறிய நிறுவனங்களில் நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது, மின்னஞ்சல் கூடியிருந்தது. எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. எல்லோரும் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டோம். பேனா மூடிக்காரர் இப்போது எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், அவருடைய சத்தம் மட்டும் கேட்பதில்லை.

க்யூபிக்கிளைக் காலி செய்த நாளில் நடந்ததை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். மேஜையோடு இருந்த டிராயர் பெட்டிகளை வேறொரு குழுவுக்கு அனுப்புகிறார்கள் என்று தெரிந்தது. என்னுடையதில் மேல் டிராயர் சிக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதோடு மல்லுக்கட்டி, அது ஒரு விரல் அளவு திறந்தபோது, உள்பக்கம் ஒட்டியிருந்த பழுப்பேறிய சீட்டு ஒன்று கண்ணில் பட்டது. நீல மையில், சாய்ந்த கையெழுத்தில், 'தூக்கிவிட்டு இழுக்கவும்' என்று எழுதியிருந்தது. தூக்கிவிட்டு இழுத்தேன், வந்துவிட்டது. எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்து, இதே டிராயரோடு போராடி, வழி கண்டுபிடித்து, அடுத்து வருகிறவருக்காக ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போன ஒருவர்.

அன்று அந்தச் சீட்டை நான் எடுக்கவில்லை. முனை பெயர்ந்திருந்த இடத்தில் புது டேப் ஒட்டினேன். கீழே கொஞ்சம் இடம் இருந்தது. என் கையெழுத்தில் இரண்டு வரி சேர்த்தேன்: 'இரண்டாவது டிராயரின் இடது ஸ்க்ரூ தளரும், மாதம் ஒருமுறை இறுக்கவும். ஸ்க்ரூடிரைவர் கடைசி டிராயரில் இருக்கிறது.'

ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக் கடைசி டிராயரில் வைத்தேன்.